பிடி அரிசியும் ஜாம் போத்தல் விளக்கும்



பெற்றோர் கூட்டம் என்று பாடசாலையிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வருகிறது. பிள்ளை அதைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறது. கூட்டத்துக்குப் போனால் அன்றைக்கு மலைக்குப் போக முடியாது, ஒரு நாள் பேர் போய்விடும். பேர் போனாலும் பரவாயில்லை என்று போனால், அங்கே என்ன பேசுவது?

"நமக்கு எழுத்து வாசனையே இல்லீங்க. டீச்சரு சொல்லிக்குடுக்கிறாங்க, புள்ள படிக்குது. நாம போயி என்னா செய்யப் போறோம்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். கையெல்லாம் கொழுந்துக் கறை. பிள்ளையின் கொப்பியில் கறை படக்கூடாது என்று முந்தானையால் பிடித்திருந்தார்.

அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியில்லை. "வந்து பார்த்தாத்தானே தெரியும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே இந்த மாதப் பாடத்தை அந்தத் தாய்க்குச் சொல்லும் பதிலாக எழுதுகிறேன். பதிலைத் தேடி வடக்கே யாழ்ப்பாணக் குடாநாடு வரைக்கும் ஒருதரம் போய் வருவோம்.

"யாழ்ப்பாணமா? அவங்க பரம்பரையா படிச்ச ஆளுங்க. நாம எங்க, அவங்க எங்க?" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நம் பாடசாலைகளில் படிப்பித்த மாஸ்டர்மாரில் பலர் அங்கிருந்து வந்தவர்கள் என்பதால் நமக்கு அப்படி ஓர் எண்ணம். ஆனால் யாரும் வயிற்றிலிருந்து படித்துக்கொண்டு பிறப்பதில்லை. அந்த மண்ணும் பெரிய செழிப்பான மண் அல்ல. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. கிணற்றுத் தண்ணீரை இறைத்துத்தான் புகையிலையும் வெங்காயமும் செய்தார்கள். மிச்சத்துக்குப் பனை. அப்படிப்பட்ட இடத்தில் படிப்பு எப்படிப் பிடித்து நின்றது?

முதலில் சோறு, பிறகு எழுத்து

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்கு உயர்கல்வி கொடுக்கும் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையையும் தொடங்கினார்கள். உடுவில் பாடசாலையை நடத்தியவர் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார்.

கட்டடம் கட்டினால் பிள்ளைகள் வந்துவிடவில்லை. பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று ஊர் கேட்டது. ஏழை வீட்டில் ஆண்பிள்ளையும் வேலைக்கு வேண்டியிருந்தான். அதனால் பாடசாலையே பிள்ளைகளுக்குச் சோறு போட்டது, உடுக்கத் துணி கொடுத்தது, தங்க இடம் கொடுத்தது. உடுவிலில் படித்து முடித்துக் கலியாணம் செய்கிற பெண்ணுக்குச் சீதனம்கூடக் கொடுத்தார்கள். செலவுக்கு அமெரிக்காவிலிருந்து ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொண்டு பணம் அனுப்பினார்கள். பணம் அனுப்பியவரின் பெயரையே பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துப் படிப்பாளிகள் பலருக்கு ஆங்கிலப் பெயர் ஒட்டியிருப்பதற்கு இது ஒரு காரணம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையில் படித்தவர்களே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பிள்ளையை அனுப்பாத வீட்டை அவர்கள் திட்டிக்கொண்டு இருக்கவில்லை. அந்த வீட்டுக்கு எது தடையாக இருக்கிறது என்று பார்த்தார்கள். பசி தடையா, சோறு. துணி தடையா, துணி. கலியாணக் கவலை தடையா, சீதனம். இந்த உதவிக்கு ஒரு விலையும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. உதவியோடு மதமும் வந்தது. அதை விரும்பாதவர்கள் தங்கள் கையால் ஒரு பாடசாலை கட்ட வேண்டியதாயிற்று.

ஒரு பிடி அரிசியின் கணக்கு

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவில்லை. சீமையிலிருந்து பணம் வர வழியுமில்லை. ஊர்தான் கொடுக்க வேண்டும். அந்த ஊர் கொடுத்த வழிகளில் ஒன்று பிடி அரிசி.

இது நம் தாய்மாருக்கு விளங்குகிற விஷயம். உலையில் போட அரிசி அளக்கிறோம். அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட்டுவிடுவது. ஒரு பிடி குறைந்ததால் அன்றைக்கு யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. நாள் கழித்து ஆள் வந்து அதைச் சேர்த்துக்கொண்டு போவார். கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் இருந்த பழக்கம் பாடசாலைக்கும் வந்தது.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி 40 கிராம் என்று வைப்போம். நூறு வீடு, முப்பது நாள். 120 கிலோ அரிசி. நம் தோட்டத்தில் ஒரு டிவிசனில் நூறு குடும்பத்துக்குக் குறையாது.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அரிசியின் எடை அல்ல. தினமும் ஒரு பிடி எடுத்து வைக்கிற பெண், அந்தப் பாடசாலையை எப்படி நினைப்பாள்? "நம்ம அரிசி போற எடம்" என்று நினைப்பாள். இன்றைக்கு வாத்தியார் வந்தாரா, பாடம் நடந்ததா என்று கேட்கிற உரிமை அவளுக்கு வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தாய் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இந்தப் பானைக்குள் இருக்கிறது.

நம் பாட்டன் பூட்டன் வந்த தமிழ்நாட்டிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பாடசாலையில் மதிய உணவு தொடங்கியது. 1958இலிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதை முன்னின்று நடத்தினார். பாடசாலைக்கு என்னென்ன குறை என்று ஒரு பட்டியலை ஊர் முன்னால் வாசிப்பார்கள். ஒருவர் கதிரை, ஒருவர் கடிகாரம், ஒருவர் கூரை ஓடு என்று ஏற்றுக்கொள்வார்கள். குறையைப் பொதுவில் சொன்னால் கொடுக்க ஆள் வரும், சொல்லாவிட்டால் வராது.

குடாநாட்டில் பிறகு இந்த வேலை சங்கமாகவே நடந்தது. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியது. "இந்து போர்ட்" இராசரத்தினம் என்று ஊர் அழைத்த சு. இராசரத்தினம் அதற்காகவே வாழ்ந்தார். எட்டாத கிராமங்களிலும் பாடசாலை எழுந்தது. ஆசிரியர்களைப் பயிற்றவும் திருநெல்வேலியில் கலாசாலை ஒன்றை அந்தச் சங்கம் நடத்தியது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஓர் இல்லமும் அங்கேயே இருந்தது.

*இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மாதர் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்: நம் டிவிசனில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு வரவிடாமல் செய்கிற தடை எது? ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றேதானா, வீட்டுக்கு வீடு வேறா?*

வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள்

யாழ்ப்பாணத்தைப் புகழ்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். நாம் தாண்டக் கூடாது, ஏனென்றால் இது நமக்குக் கிட்டத்து விஷயம்.

இவ்வளவு பாடசாலை இருந்தும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பல இடங்களில் சேர்க்கவில்லை. சேர்த்த இடங்களிலும் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, இவர்கள் நிலத்தில் இருந்தார்கள், சில இடங்களில் வெளியே நின்றும் படித்தார்கள். மனிதனுக்கு மனிதன் செய்கிற அநியாயத்தில், பிள்ளையைப் பிள்ளைக்குக் கீழே இருத்துவதைப் போல ஒன்று இல்லை. வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் அது கெட்ட பாடம்தான்.

வடமராட்சியில் நெல்லியடிக்குக் கிட்ட, அந்த ஒடுக்கப்பட்ட மக்களில் ஒருவரான கா. சூரன் 1914இல் தேவரையாளி சைவ வித்தியாசாலையைத் தொடங்கினார். ஊர் கதவைத் திறக்கும் வரைக்கும் காத்திருக்கவில்லை, தாங்களே ஒரு கதவு வைத்துக்கொண்டார்கள். அது இன்றைக்குத் தேவரையாளி இந்துக் கல்லூரி. பட்டணத்துப் பெரிய கல்லூரிகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பெயர்.

1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலான இளைஞர்கள் மாணவர் காங்கிரஸ் தொடங்கி, தீண்டாமை கூடாது என்று பேசினார்கள். அரசாங்கப் பணம் வாங்கும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளையும் சமமாக ஆசனத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டளை 1930ஐ ஒட்டி வந்தது. அதற்கு எதிர்ப்பும் வந்தது. பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதற்குக்கூட அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

நம் பிள்ளைகள் பட்டணத்துப் பாடசாலைக்குப் போய், "தோட்டத்துப் புள்ள" என்ற ஒரு சொல்லோடு பின்வாங்கில் இருந்துவிட்டு வருவது உண்டு. வீட்டில் வந்து சொல்லவும் மாட்டார்கள். கொஞ்ச நாளில் வயிற்றுவலி என்று நிற்பார்கள், பிறகு ஒரேயடியாக நின்றுவிடுவார்கள். "படிப்பு ஏறல" என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். பிள்ளை எங்கே இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தோமா?

இருட்டிலும் அணையாத விளக்கு

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 அக்டோபர் 1ஆம் திகதி தொடங்கியது. அதன் பயனை முழுதாகப் பிடித்துக்கொண்ட இடங்களில் யாழ்ப்பாணம் ஒன்று. வீடும் ஊரும் ஏற்கெனவே தயாராக இருந்தன. நம் தோட்டப் பாடசாலைகள் அப்போதும் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தன. அநேகமாக ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அரசாங்கம் 1977இல் தொடங்கித்தான் அவற்றைப் பொறுப்பேற்றது. 1945க்கும் 1977க்கும் நடுவே 32 வருடம். நம் பிள்ளைகளுக்கு மூளை மட்டு என்று யாராவது சொன்னால் இந்த 32ஐ ஞாபகப்படுத்துங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த காலம். 1990இல் மறுபடி சண்டை தொடங்கியதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, எழுதும் தாள் என்று பலதுக்கும் தடையும் தட்டுப்பாடும். மண்ணெண்ணெய் கிடைத்தாலும் நெருப்பு விலை. பிள்ளைகளுக்குப் பரீட்சை மட்டும் நிற்கவில்லை.

அப்போது வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. ஒரு சின்ன ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய். திரியைப் பிடித்து நிறுத்த ஒரு பழைய சைக்கிள் வால்வுக் கட்டை. போத்தலே காற்றுக்கு மறைப்பு. குப்பி விளக்கு குடிக்கிற எண்ணெயில் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு இது நெடுநேரம் எரியும். வெளிச்சம் ஒரு கொப்பியின் அகலத்துக்குத்தான். அதைச் சுற்றி அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று மூன்று நாலு தலைகள். அந்தத் தலைமுறையில் டாக்டரானவர்களும் இஞ்சினியரானவர்களும் வாத்தியாரானவர்களும் இன்றைக்கும் அந்த விளக்கைப் பற்றிப் பேசுவார்கள்.

வீட்டில் அந்த விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவோ அம்மம்மாவோதான். அடுப்படியை இருட்டில் விட்டுவிட்டு, இருக்கிற எண்ணெயைப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அந்த அம்மம்மாவுக்கு இரசாயனம் தெரியுமா, கேத்திர கணிதம் தெரியுமா? அவருக்குத் தெரிந்தது, இந்த வீட்டில் இந்த நேரம் இந்த வெளிச்சம் படிப்புக்கு உரியது என்பது மட்டும்தான். பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது.

1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீட்டை விட்டு வெளிக்கிட்டார்கள். மழையில், செம்மணி, நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். கையில் எடுத்த கொஞ்சப் பொருளில் ஒன்று பத்திரங்கள் வைத்த பை: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ், காணி உறுதி. போன இடத்தில் சாவகச்சேரி, கொடிகாமம் பக்கத்துப் பாடசாலைகள் தங்கள் கட்டடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஊர்ப் பாடசாலைக்குக் காலை, இடம்பெயர்ந்த பாடசாலைக்கு மத்தியானம். இடம் போதாத இடத்தில் மரத்தடி. நிலைமை சரியாகட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்திருந்தால் ஒரு தலைமுறை போயிருக்கும்.

(நம் தோட்டங்களில் இன்னும் பிறப்புப் பதியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலாம் ஆண்டில் சேர்க்கும்போதும் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதும்தான் ஓடித் திரிகிறோம். பதியாமல் இருந்தால் இந்த வாரமே நலன்புரி உத்தியோகத்தரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ பேசுங்கள். பத்திரங்களை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கூரை ஒழுகாத பக்கமாக வையுங்கள்.)

எல்லாப் பிள்ளையும் இதைத் தாங்கவில்லை. சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிற பிள்ளை, பேசாமலே இருக்கிற பிள்ளை, காரணமில்லாமல் சண்டை பிடிக்கிற பிள்ளை என்று வகுப்பறை நிறைந்தது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும், சாந்திகம் போன்ற நிலையங்களும், இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். குழப்படி செய்கிற பிள்ளையை அடிக்கிறதுக்கு முதல், அதன் வீட்டில் என்ன நடந்தது என்று கேள் என்பது அதில் முதல் பாடம். ஆசிரியர்தான் பிள்ளையைத் தினமும் பார்க்கிறவர். வைத்தியருக்கு அந்த வாய்ப்பில்லை.

நம்மிடம் அந்தச் சண்டை இல்லை. ஆனால் தாய் மத்திய கிழக்குக்குப் போய் ஆயாவிடம் வளர்கிற பிள்ளை இருக்கிறது. சம்பள நாள் இரவில் தகப்பன் குடித்துவிட்டு வந்து போடுகிற சத்தத்தில் தூங்காத பிள்ளை இருக்கிறது. மறுநாள் வகுப்பில் அது தூங்கினால் சோம்பேறி என்று பேர். வீட்டில் நடந்ததை டீச்சரிடம் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கும். நடந்த கதை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டில கொஞ்சம் பிரச்சினை டீச்சர், புள்ளையப் பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை போதும்.

நம் லயத்துக்கு எது பொருந்தும்?

யாழ்ப்பாணத்தில் செய்ததை அப்படியே எடுத்து வைத்தால் இங்கே சரிவராது. அங்கே வீட்டைச் சுற்றி வேலி இருக்கிறது, பிள்ளை இருந்து படிக்க ஒரு விறாந்தை இருக்கிறது. இங்கே ஒரு கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு குடும்பம். முதல் காம்பராவில் டிவி போட்டால் நாலாவது காம்பராவில் பாட்டுக் கேட்கும். ஒரு வீடு மட்டும் "புள்ள படிக்கட்டும்" என்று தீர்மானித்தால் பயனில்லை. லயம் முழுக்கச் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். இரவு ஆறரையிலிருந்து எட்டு மணி வரை இந்த லயத்தில் டிவியும் இல்லை, போனில் பாட்டும் இல்லை என்று கங்காணி, தலைவர், மாதர் சங்கம் எல்லோரும் பேசி முடிவெடுத்தால் நடக்கும். நம்மில் அநேகம் வீட்டில் இப்போது லைட் இருக்கிறது. வெளிச்சத்துக்குக் குறையில்லை, அமைதிக்குத்தான் குறை.

இடம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிள்ளைக் காம்பராவைக் கேட்டுப் பாருங்கள். பின்னேரம் சின்னப் பிள்ளைகள் போனபிறகு அது சும்மா கிடக்கிறது. குடாநாட்டில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் என்று ஒன்று இருக்கும். பத்திரிகை போட்டிருப்பார்கள், முன்பள்ளி நடத்துவார்கள், படித்த இளைஞர்கள் பின்னேரத்தில் சின்னவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். நம் தோட்டத்திலும் உயர் தரம் எடுத்துவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் நிற்கிற அக்காமார், அண்ணன்மார் இருக்கிறார்கள். கிழமையில் மூன்று நாள் ஒரு மணித்தியாலம் அவர்களைக் கேளுங்கள். மாதம் வீட்டுக்கு ஒரு சின்னத் தொகை சேர்த்து அவர்களுக்குக் கொடுங்கள். நம் பிடி அரிசி அதுவாக இருக்கட்டும்.

அங்கிருந்து எடுக்கக் கூடாத பழக்கமும் ஒன்று உண்டு. விடிய முதல் ஒரு ரியூசன், பாடசாலை விட்டதும் ஒரு ரியூசன் என்று பிள்ளையை ஓட்டுகிற பழக்கம். விளையாட நேரமில்லாத பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளையைத் தோற்ற பிள்ளை என்று சொல்லாதீர்கள். பத்து வயதில் யாரும் தோற்றுப்போவதில்லை.

நம்மிடம் பிள்ளைகள் நழுவுகிற இடம் வேறு. அதில் ஒன்று நாள் கணக்கு. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு நாள், சம்பளச் சாமான் தூக்க டவுனுக்கு ஒரு நாள் என்று மாதம் இரண்டு நாள் நிறுத்துகிறோம். இரண்டு நாள்தானே என்று தோன்றும். பத்து மாதத்தில் இருபது நாள். பாடசாலை நடக்கிற ஒரு முழு மாதம் போய்விட்டது. நின்ற நாளில் வகுப்பில் கழித்தல் படிப்பித்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு வகுத்தலும் வராது. தம்பியைப் பார்க்கத்தான் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. அக்காவை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று ஐந்தாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் நடுவே. பல தோட்டப் பாடசாலைகள் ஐந்தோடு முடிகின்றன. ஆறாம் ஆண்டுக்கு இரண்டு மூன்று மைல் நடக்க வேண்டும், அல்லது பஸ் காசு வேண்டும். பெண்பிள்ளை என்றால் பயம். அந்த ஜனவரி மாதத்தில்தான் பல பெண்பிள்ளைகளின் படிப்பு முடிகிறது. போகிற பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டமாக அனுப்பலாம். முறை வைத்து ஒரு பெரியவர் கூடப் போகலாம். தோட்ட லொறியோ வேனோ அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகுமா என்று துரையிடம் கேட்கலாம். கேட்டால் எல்லாம் கிடைக்காது. கேட்காவிட்டால் ஒன்றுமே கிடைக்காது.

பிறகு, தரகர். "கொழும்பில நல்ல எடம், சாப்பாடு, சம்பளம், புள்ளய மாதிரி பாத்துக்குவாங்க" என்று வருகிறவர். 2021ஆம் ஆண்டு கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன நம் மலையகத்துச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நாடே அழுதது. அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயது 16 என்று சட்டம் மாறியது. 16 வயது வரை பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம். சட்டம் காகிதத்தில் இருக்கும். வாசலில் வந்து நிற்கிற தரகரிடம் "இல்ல" என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான். கடன் காரணமாக அப்படி ஒரு நினைப்பு வந்தால், தரகருக்குத் தலையாட்டுவதற்கு முதல் அதிபரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எழுத்துத் தெரியாத தாய் என்ன செய்வார்?

அமெரிக்காவில் 1966இல் கோல்மன் என்பவர் ஏராளமான பாடசாலைகளைப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். கட்டடமும் சாமானும் செய்கிற வித்தியாசத்தை விட, பிள்ளையின் வீட்டு நிலைமை செய்கிற வித்தியாசம் பெரிது என்பது அதில் வந்த முடிவு. சிலர் இதைப் படித்துவிட்டு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வழியில்லை என்று அர்த்தம் எடுத்தார்கள். எனக்கு அது தப்பான வாசிப்பு. வீட்டுக்கு அவ்வளவு சக்தி என்றால், அந்த வீட்டுக்குக் கை கொடுக்க வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ராத்திரி ரொட்டி தட்டும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, இன்றைக்குப் படித்ததைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும் கேளுங்கள். தட்டுத்தடுமாறுகிறதா, ஓடுகிறதா என்று உங்கள் காதுக்குத் தெரியும். "அது என்னா, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அம்மாவுக்கு விளங்கவைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் தெரியும். கொப்பியைப் புரட்டுங்கள். சிவப்பு மையில் டீச்சரின் கையெழுத்து இருக்கிறதா? வாரக் கணக்கில் இல்லையென்றால், பிள்ளை எழுதவில்லை, அல்லது யாரும் பார்க்கவில்லை. இரண்டையும் போய்க் கேட்கலாம்.

கூட்டம் வேலை நாளில் வைத்தால் வரமுடியவில்லை என்று அதிபரிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையோ, கொழுந்து நிறுத்தபிறகு பின்னேரமோ வைக்கக் கேளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் லயத்துக்கு ஒருவராவது இருக்கப் பாருங்கள். அதில் தாய்மாரும் இருக்கட்டும்.

நான் தொடக்கத்தில் சொன்ன தாயின் மகள் இப்போது ஏழாம் ஆண்டு, டவுன் பாடசாலையில். போன தவணைக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அவர் வந்திருந்தார். கூட்டம் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் எழும்புகிற நேரத்தில் வகுப்பு டீச்சரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், எம் புள்ள எந்த வாங்குல உக்காருது?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு வகுப்பறைக்குப் போனார்.